கழுதைப் பாலம்

பூரிக்கட்டைக்கு ஜெர்மன் மொழியில் 'நூடெல்ஹொல்ட்ஸ்' என்று பெயர். நூடெல் என்றால் நூடுல்தான். ஹொல்ட்ஸ் என்றால் மரம், கட்டை. அவர்கள் வீட்டில் மாவைத் தேய்த்து நூடுல் அறுத்தார்கள், அதனால் நூடுல் கட்டை. நம் வீட்டில் பூரி இட்டோம், அதனால் பூரிக்கட்டை. அதே கட்டையில் சப்பாத்தியும் தேய்க்கிறோம், அவர்களும் அதே கட்டையில் கேக்குக்கு மாவு விரிக்கிறார்கள். ஆனாலும் பெயரை மாற்ற இரண்டு வீட்டிலும் யாருக்கும் தோன்றவில்லை.

இந்தச் சொல்லை நான் எந்த வகுப்பிலும் கற்கவில்லை. ஒரு கணினி விளையாட்டில் ரொட்டிக் கடை கட்டி முடித்துவிட்டு, ஏன் இன்னும் புகை வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கோதுமை வந்தது, மாவானது, தண்ணீரும் வந்து வாசலில் காத்திருந்தது. ரொட்டி சுடுகிறவரைத்தான் காணோம். கிடங்கின் கணக்கைத் திறந்தால் கருவிகள் பட்டியலில் நூடெல்ஹொல்ட்ஸுக்கு நேரே பூஜ்யம். கட்டை இல்லாமல் வேலைக்கு வரமாட்டார் மனிதர். நியாயம்தானே? அந்தப் பூஜ்யத்தைப் பார்த்த பிறகு அந்தச் சொல் எனக்கு மறக்கவே இல்லை.

விளையாட்டின் பெயர் 'டீ ஸீட்லர்', அதாவது குடியேறிகள். முதல் பாகம் 1993-இல் வந்தது. நான் ஆடியது 1996-இல் வந்த இரண்டாம் பாகம். ரோமானியர் கூட்டம் ஒன்று யாரும் அறியாத நிலத்தில் கரையேறிக் காடு வெட்டி, கல் உடைத்து, ஊர் எழுப்புகிறது. சண்டை உண்டு, ஆனால் அது ஒப்புக்குத்தான். உண்மையான ஆட்டம் சாலை போடுவதில் இருக்கிறது. மொழித் தெரிவில் ஜெர்மனைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தேன். பின்னால் நின்று பார்த்த அண்ணன் மகன், "சித்தப்பா, இது நான் பொறக்கறதுக்கு முன்னாடி வந்த கேம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். போகட்டும். புதிய விளையாட்டுகளில் கண்ணைப் பறிக்கும் காட்சி இருக்கிறது. சொல்லை நின்று பார்க்க நேரம் தருவது இந்தப் பழைய ஆமைதான்.

இந்த ஆட்டத்தில் சாலை என்பது இரண்டு கொடிகளுக்கு நடுவே உள்ள துண்டு. துண்டுக்கு ஓர் ஆள். ஒரு கொடியடியில் கிடக்கும் பலகையைத் தூக்கி அடுத்த கொடியடியில் இறக்குவதோடு அவர் பாடு முடிந்தது. அங்கிருந்து அடுத்தவர் எடுத்துப் போவார். நம் பழைய சாலையோரங்களில் நிற்கும் சுமைதாங்கிக் கல்லை நினைத்துக்கொண்டால் அந்தக் கொடி புரிந்துவிடும். இந்த ஆளுக்கு ஜெர்மனில் 'ட்ரேகர்'. 'ட்ராகன்' என்றால் சுமத்தல், ட்ரேகர் சுமப்பவர்.

இதே ட்ரேகரைப் பிறகு விளையாட்டுக்கு வெளியே எங்கெங்கோ பார்த்தேன். ப்ரீஃப் என்றால் கடிதம், எனவே தபால்காரர் 'ப்ரீஃப்ட்ரேகர்'. தோளில் மாட்டிக் கால்சட்டையை விழாமல் பிடிக்கும் வார் 'ஹோஸென்ட்ரேகர்', கால்சட்டைச் சுமப்பான். கடலில் போகும் பிரம்மாண்டமான போர்க்கப்பல் 'ஃப்ளூக்ட்ஸாய்க்ட்ரேகர்'. இதைப் பார்த்து மலைக்க வேண்டாம், நாமும் அதை விமானந்தாங்கி என்றுதான் சொல்கிறோம். இடிதாங்கி, சுமைதாங்கி, விமானந்தாங்கி என்று நம் 'தாங்கி' கல்லிலிருந்து கப்பலுக்கு ஏறியது போலவே, அவர்களுடைய ட்ரேகரும் கால்சட்டையில் தொடங்கிக் கப்பல்வரை போயிருக்கிறார். எனக்குப் பிடித்தது அந்தக் கால்சட்டை வார்தான். ஒரு துணி வாருக்குப் போய் உத்தியோகப் பெயர் கொடுத்திருக்கிறார்களே!

மரம் வெட்டுகிறவர் 'ஹொல்ட்ஸ்ஃபெல்லர்'. இந்தப் பெயரில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. 'ஃபல்லன்' என்றால் விழுதல். அகரத்தை எகரமாக்கி 'ஃபெல்லன்' என்றால் விழச் செய்தல். நம் தன்வினையும் பிறவினையும் அப்படியே! வீழ், வீழ்த்து. அவர்கள் உயிரை மாற்றுகிறார்கள், நாம் ஈற்றில் ஒன்றைச் சேர்க்கிறோம் அல்லது உருள், உருட்டு என்று மெய்யை இறுக்குகிறோம். ஒரு ஜோடி தெரிந்துவிட்டால் மற்றவை தாமாக வந்து நிற்கும். ஸிட்ஸன் உட்கார்தல், ஸெட்ஸன் உட்கார வைத்தல். லீகன் கிடத்தல், லேகன் கிடத்துதல். ட்ரிங்கன் குடித்தல், ட்ரெங்கன் குடிக்க வைத்தல், அதாவது மாட்டுக்குத் தண்ணீர் காட்டுதல். 'தண்ணீர் காட்டுதல்' என்பதில் உள்ள கனிவு ட்ரெங்கனில் இல்லை என்பேன். அவர்கள் குடிக்க வைக்கிறார்கள், நாம் காட்டிவிட்டு விலகிக்கொள்கிறோம், குடிப்பது மாட்டின் விருப்பம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஹொல்ட்ஸ்ஃபெல்லர் வீழ்த்துவது 'ஹொல்ட்ஸ்', 'பௌம்' இல்லை. பௌம் என்பது வேரோடு நிற்கும் மரம். ஹொல்ட்ஸ் என்பது பொருளாகிவிட்ட மரம். காட்டில் நின்றுகொண்டிருக்கும்போதே அது பெயரில் கட்டையாகிவிட்டது. நாம் 'விறகுவெட்டி' என்று சொல்லும்போதும் அதே அவசரம்தான். கோடரி படுவதற்கு முன்பே மரத்தை விறகென்று கூப்பிட்டுவிடுகிறோம். வெட்டிய இடத்திலெல்லாம் கன்று நட்டுக்கொண்டே போகும் இன்னொருவர் ஆட்டத்தில் உண்டு, 'ஃபோர்ஸ்டர்'. காட்டுக்குப் பொதுப் பெயர் 'வால்ட்'. மனிதர் கணக்கு வைத்து வளர்க்கும் காட்டுக்குத்தான் 'ஃபோர்ஸ்ட்'. திரையில் இந்த இருவரையும் அருகருகே குடிவைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதைப் போன்ற நிம்மதி வேறில்லை. ஒருவர் நடுவார், ஒருவர் வீழ்த்துவார், இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதே இல்லை.

பன்றிப் பண்ணைக்கு வருகிறேன். 'ஷ்வைனெட்ஸுஃக்ட்'. இந்த 'ஃக்' ஒலி ஜெர்மன் கற்கிற பலரையும் படுத்தி எடுக்கும். அடித்தொண்டையில் காற்று உரசிப் போக வேண்டும். நம் ஆய்த எழுத்து அரிச்சுவடியில் மூன்று புள்ளியாக ஓரத்தில் உட்கார்ந்திருந்ததற்குக் கடைசியில் ஒரு வேலை கிடைத்தது என்று மகிழ்ந்துகொண்டேன். ஷ்வைன் பன்றி. ட்ஸுஃக்ட் வளர்ப்பு. கழுதை வளர்க்குமிடம் 'ஏஸெல்ட்ஸுஃக்ட்'. அதுவரை எல்லாம் நேர். பிறகு ஒரு கதையில் 'ட்ஸுஃக்ட்ஹௌஸ்' என்ற சொல் வந்தது. ஹௌஸ் என்றால் வீடு. ஏதோ பண்ணை வீடு என்று படித்துக்கொண்டு போனால் கதாநாயகன் அங்கே கல் உடைக்கிறான். அது சிறைச்சாலை. பழைய காலத்துக் கடுங்காவல் சிறை. ட்ஸுஃக்ட் என்பதற்கு ஒழுங்கு, கட்டுப்பாடு என்றும் பொருள் உண்டு. பன்றியை வளர்ப்பதும் மனிதனை அடித்துத் திருத்துவதும் ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றன.

கேலி செய்ய வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். பன்றி வளர்ப்பு, பிள்ளை வளர்ப்பு, 'வளர்ப்பு சரியில்லை' என்று பக்கத்து வீட்டுக்காரர் முணுமுணுப்பது, எல்லாம் நம்மிடமும் ஒரே சொல்தானே. நாம் அதற்குச் சுவர் எழுப்பிச் சிறையாக்கவில்லை, அவ்வளவுதான்.

ஷ்வைனுக்கும் ட்ஸுஃக்டுக்கும் நடுவே ஓர் 'எ' வந்து உட்கார்ந்ததைப் பார்த்திருப்பீர்கள். கழுதைக்கு அது வரவில்லை. உழவர் மனைக்கு 'பௌவெர்ன்ஹோஃப்', பௌவர் உழவர், ஹோஃப் மனை, நடுவே ஒரு 'ன்'. இந்த ஒட்டு எங்கே வரும், எது வரும் என்பதற்கு முழு விதி கிடையாது. காது சொன்னபடி சேர்க்கிறார்கள். இலக்கணத்தில் இதற்கு இணைப்பு உறுப்பு என்று பெயர். நமக்கு இது சாரியை. பனையும் காயும் சேர்ந்தால் பனைக்காய் என்று நாக்கு சொல்லாது, நடுவே 'அம்' வந்து பனங்காய் ஆகும். புளியங்காயும் அப்படியே. தொல்காப்பியர் இன், வற்று, அத்து, அம் என்று பெயர் சொல்லி வரிசையில் நிறுத்திவைத்த உறவினர்கள் இவர்கள். பொருள் என்று தனியாக ஒன்றும் கொண்டுவர மாட்டார்கள். கல்யாண வீட்டில் இரண்டு சம்பந்தி வீட்டாருக்கும் நடுவே நின்று பேச்சை ஓட்டுகிற மாமா மாதிரி. அவர் யார் பக்கம் என்று யாருக்கும் தெரியாது, அவர் இல்லாவிட்டால் பந்தி நடக்காது.

ஆட்டத்தில் ரொட்டிக் கடை 'பெக்கெராய்', பீர் காய்ச்சுமிடம் 'ப்ரௌவெராய்'. தொழிலின் பெயரோடு '-எராய்' சேர்த்தால் அது நடக்கும் இடம். எளிது. ஆனால் இதே வாலை அன்றாடப் பேச்சில் வேறு இடத்தில் ஒட்டுகிறார்கள். லௌஃபன் என்றால் ஓடுதல், நடத்தல். 'லௌஃபெராய்' என்றால் ஓடும் இடம் என்று நினைப்போம். இல்லை. ஒரு கையெழுத்துக்காக நான்கு அலுவலகம் ஏறி இறங்குகிற அலைச்சல் அது. ஃப்ராகன் கேட்டல், 'ஃப்ராகெராய்' தொணதொணவென்று கேள்வி கேட்டு உயிரை எடுத்தல். கடை வைத்து நடத்துகிறாற்போல ஒருவர் கேள்வி கேட்கிறார் என்றால் அந்த எரிச்சல் புரிகிறது. நம் 'நடையாய் நடப்பது' போல வினையை இரட்டிக்க வேண்டியதில்லை, வால் ஒன்றே போதும். மரியாதையான ஒரு விகுதி வசைக்கும் உதவுவதைத் தெரிந்துகொண்டபின், பெக்கெராய் என்ற பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு லேசாகச் சிரிப்பு வரும்.

இந்த விளையாட்டைச் செய்த ப்ளூ பைட் நிறுவனம் 1988-இல் ம்யூல்ஹைம் நகரில் தொடங்கப்பட்டது. ரூர் ஆற்றங்கரை ஊர். நிலக்கரியும் உருக்கும் செய்து செய்து கறுத்த பிரதேசம். அது தெரிந்தபிறகு ஆட்டத்தின் நடுநரம்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கிற்று. மலையில் தோண்டுகிறார்கள். சுரங்கத்துக்கு 'பெர்க்வெர்க்' என்று பெயர். பெர்க் மலை, வெர்க் வேலை. மலைவேலை! சுரங்கம் என்ற நம் சொல்லில் பூமிக்கடியில் போகும் வழி தெரிகிறது, அவர்களுடையதில் வியர்வை தெரிகிறது. வெர்க்கைத் தொட்டால் இன்னும் பல கதவுகள். கைத்தொழில் 'ஹாண்ட்வெர்க்', கைவேலை. வாணவேடிக்கை 'ஃபாயர்வெர்க்', நெருப்பு வேலை. நமக்கு வேடிக்கையாக இருப்பது அங்கே வேலையாக இருக்கிறது என்று சொல்லத் தோன்றும். சொல்லிவிட்டேன்.

பெர்க்வெர்க்கில் இறங்குகிறவருக்கு மீனோ ரொட்டியோ இறைச்சியோ போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் கடப்பாறை அசையாது. கரி இல்லாமல் இரும்பு உருகாது. இரும்பு உருகாமல் பூரிக்கட்டைகூட வராது, ஏனென்றால் எல்லாக் கருவிக்கும் இரும்பு வைத்துவிட்டார்கள். மலையில் உள்ளது தீர்ந்துபோனால் ஒரு சேதி வரும், சுரங்கம் 'எர்ஷொப்ஃப்ட்' என்று. 'ஷொப்ஃபன்' என்றால் அகப்பையாலோ வாளியாலோ முகத்தல். எர்ஷொப்ஃப்ட் என்றால் முகந்து முகந்து அடி தட்டிவிட்டது. நாள் முழுக்க உழைத்து வீட்டுக்கு வந்து நாற்காலியில் சரிகிற ஜெர்மானியரும் இதே சொல்லைத்தான் சொல்வார், நான் எர்ஷொப்ஃப்ட். யாரோ தன்னைப் பகலெல்லாம் இறைத்துவிட்டார்கள் என்பதுபோல. இதில் இன்னும் வியப்பு, படைத்தலுக்கும் அதே ஷொப்ஃபன்தான். இறைவன் 'ஷொப்ஃபர்', படைப்பவர். உலகை அவர் எங்கிருந்தோ முகந்து ஊற்றினார் போலும்.

ரூர் பகுதியின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பர் 21 அன்று பொட்ராப் நகரில் மூடப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது என் கண்முன் வந்தது திரையில் பார்த்த அந்தச் சின்ன சேதிப் பெட்டிதான். அங்கே மண்ணுக்கடியில் கரி இன்னும் இருக்கிறது, எடுக்கத்தான் கட்டுப்படியாகவில்லை. எர்ஷொப்ஃப்ட் ஆனது கரி இல்லை.

ம்யூல்ஹைம் என்ற ஊர்ப்பெயருக்குள்ளேயே மாவு ஆலை இருக்கிறது. 'ம்யூலெ' என்றால் ஆலை, ஹைம் இல்லம். ஆட்டத்தில் மாவு அரைப்பவரின் பெயர் முல்லர். இதை அறிந்த அன்று எனக்குச் சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள மாக்ஸ் முல்லர் பவன் நினைவுக்கு வந்தது. வடமொழி வேதத்தைப் பதிப்பித்த அந்தப் பெரிய அறிஞரின் பாட்டன் முப்பாட்டன் யாரோ மாவு மூட்டையோடு நின்றிருக்கிறார்! ஃபிஷர், ஷ்மிட், யேகர், ஷூமாக்கர் என்று ஜெர்மன் குடும்பப் பெயர்களில் பாதி இந்த விளையாட்டின் வேலைக்காரர் பட்டியலோ என்று தோன்றிவிடும். மீனவர், கொல்லர், வேட்டைக்காரர், செருப்புத் தைப்பவர். கண்மண் தெரியாத வேகத்தில் கார் ஓட்டிய மைக்கேல் ஷூமாக்கரின் பெயரில் நடந்து போகிறவருக்குச் செருப்பு தைத்துக் கொடுத்த ஒருவர் இருக்கிறார். முல்லரின் முதல் உயிரைச் சரியாகச் சொல்ல, உதட்டை 'ஊ' என்று குவித்துக்கொண்டு நாக்கை 'ஈ' சொல்லும் இடத்தில் வைக்க வேண்டும். கண்ணாடி முன் பழகாதீர்கள், வருத்தமாக இருக்கும்.

இவ்வளவு பாராட்டிவிட்டுக் குறையைச் சொல்லாமல் போனால் நன்றாயிராது. இந்த ஆட்டம் பெயர்ச்சொற்களின் கிடங்கு. வாக்கியம் கொஞ்சம்தான். இரும்பு உருக்கும் உலைக்கு ஜெர்மன் தெரியும், பல்வலி என்று மருத்துவரிடம் நேரம் கேட்கத் தெரியாது என்ற நிலையில் கொண்டுவந்து விட்டுவிடும். வாக்கியத்துக்கு நான் 'கோதிக்' என்ற வேறொன்றுக்குப் போனேன். 2001-இல் வந்தது. செய்த பிரான்யா பைட்ஸ் நிறுவனம் தொடங்கியதும் அதே ரூர் வட்டாரம்தான், அதிலும் கைதிகள் மலையைக் குடைந்து தாது எடுக்கிறார்கள்! மண்ணின் குணம் போகவில்லை. அதில் எல்லாரும் வாய்விட்டுப் பேசுவார்கள், மிரட்டுவார்கள், பேரம் பேசுவார்கள். அங்கேதான் 'வைல்' என்ற சொல்லைக் காதால் பிடித்தேன். 'ஏனென்றால்' என்று பொருள். அது வந்தவுடன் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்கு ஓடிவிடும். 'வைல் கைன் வஸர் டா இஸ்ட்'. தண்ணீர் அங்கே இல்லாததால். ஆங்கிலத்தின் வழியாக ஜெர்மனுக்கு வருகிறவர்கள் இந்த இடத்தில் மூச்சுமுட்டுகிறார்கள். கடைசிச் சொல் வரும்வரை நடந்ததா நடக்கவில்லையா என்று தெரியாமல் காத்திருப்பது நமக்குப் பிறந்த வீட்டுப் பழக்கம். ஆனால் அந்தக் கைதிகளுக்குள் எல்லாம் 'டூ'தான், நீ. 'ஸீ' என்கிற நீங்களை அங்கே கற்க முடியாது. அந்த ஆட்டத்து ஜெர்மனோடு ஒரு வங்கிக்குள் நுழைந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

ஆகவே குடியேறிகளிடமே திரும்பி வந்துவிடுவேன். ஜெர்மன் விளையாட்டு இதழ்கள் இதைப் பாராட்ட ஒரு சொல்லைப் புழங்கின: 'வூஸெல்ஃபாக்டர்'. 'வூஸெல்ன்' என்றால் சின்னஞ்சிறு உயிர்கள் கூட்டமாக, வேலையாக, குறுக்கும் நெடுக்கும் போய்வருவது. மொய்த்தல் என்று சொல்லலாம், ஆனால் மொய்ப்பதில் வேலை இல்லை. பரபரப்பு என்றால் பதற்றம் வந்துவிடுகிறது. எறும்புப் புற்றின் வாயில் நடப்பதற்கு நம்மிடம் தனி வினை உண்டா என்று யோசித்துப் பார்க்கிறேன். 'ஊர்தல்' கூட ஓர் எறும்புக்குத்தான் சரி.

ஒரு சாலையில் சுமை ஏறிக்கொண்டே போனால் அந்தத் துண்டுக்கு ட்ரேகருக்குத் துணையாக ஒரு கழுதை வரும். ஏஸெல். கழுதைப் பண்ணைக்குக் கோதுமையும் தண்ணீரும் கொடுத்து வளர்த்த கழுதை. அது வந்து நின்ற சாலையைப் பார்க்கும்போது ஒரு பெருமை. புத்தகத்தில் அடையாளத்துக்காக மடித்த பக்க முனையை ஜெர்மானியர் 'ஏஸெல்ஸ்ஓர்' என்கிறார்கள், கழுதைக் காது. மறக்காமல் இருக்க நாமாகக் கட்டிக்கொள்ளும் நினைவுச் சூத்திரத்துக்கு 'ஏஸெல்ஸ்ப்ரூக்கெ', கழுதைப் பாலம். தண்ணீரில் கால் வைக்கக் கழுதை அஞ்சும், சின்ன ஓடையானாலும் அதற்கென்று ஒரு பலகை போட்டாக வேண்டும் என்பார்கள். பூரிக்கட்டை, விமானந்தாங்கி, பனங்காய் என்று நான் இதுவரை அடுக்கியது அத்தனையும் அந்தப் பலகைகள்தான்.

ஆட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த காட்சி, ஒன்றுமே நடக்காத ஒரு சாலை. ஊரின் ஓரத்தில், பயன் குறைந்த ஒரு துண்டில், ட்ரேகர் நடுவில் நின்றுகொண்டிருப்பார். கொடியடியில் சுமை இல்லை. கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். பிறகு எங்கிருந்தோ ஒரு செய்தித்தாளை எடுத்து விரிப்பார். ரோமானியர் காலத்தில் செய்தித்தாள்! என்ன செய்தி என்று பார்க்க நான் திரைக்கு மிக அருகே முகத்தைக் கொண்டுபோயிருக்கிறேன். சில வெள்ளைப் புள்ளிகள், அவ்வளவுதான். எழுத்து ஏதுமில்லை. அதற்குள் கொடியடியில் ஒரு மீன் வந்து விழும். தாளை மடித்துவிட்டு அவர் போய்விடுவார்.